பழுதற்றதைத் திருத்துதல் அறமா?

மனிதன் கருவிகளைப் படைக்கிறான். பின்னர் அக்கருவிகளுக்கு ஏவலிடுவதற்கென்று மொழிகளையும் படைக்கிறான். மொழி எதுவாயினும் அதில் எழுதுவோர் ஒருவர். அதனைப் படிப்போர் பிறிதொருவர். எழுதியவர் பணியிலிருந்து விலகிய பின்னரும், ஏன், உலகைவிட்டே மறைந்த பின்னரும், அவர் எழுதியது நின்று பணிபுரிந்துகொண்டே இருக்கிறது. அவ்வாறு நின்று பணிபுரியும் எழுத்தில் பின்வந்தவர் கைவைக்கலாமா? பிழை இருப்பின் திருத்தலாம் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால், பிழையே இல்லாமல் வடிவம் மட்டும் பழையதாகிவிட்ட எழுத்தை என்செய்வது? அதனைத் திருத்துவது கடமையா, அல்லது வீண் குறுக்கீடா?

இவ்வினா ஏட்டுச்சுவடிகளுக்கும் இலக்கியங்களுக்கும் மட்டுமே உரியதன்று. கணினித் துறையில் நாள்தோறும் எழுகின்ற வினாவாகும். அத்துறையிலும் 'ஷெல்' நிரல்களில் நிகழும் ஒரு சிறு குறிமாற்றத்தில் இவ்வினா தன் முழு உருவையும் காட்டி நிற்கிறது. பனித்துளியில் பனைமரம் தெரிவதுபோல், இந்தச் சிறு குறியில் ஒரு பெரிய அறச்சிக்கல் தெரிகிறது. ஆகவே, முதலில் அக்குறியின் வரலாற்றை அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

குறியின் வரலாறு

யூனிக்ஸ் வகைக் கணினிகளில், பயனர் தட்டச்சிடும் கட்டளைகளை ஏற்று அவற்றை நிறைவேற்றிவைக்கும் நிரலுக்கு ஷெல் என்று பெயர். நாள்தோறும் தேவைப்படும் கட்டளைகளை மீண்டும் மீண்டும் தட்டச்சிடாமல் ஒரு கோப்பில் வரிசையாக எழுதிவைத்தால் அது ஷெல் நிரல் ஆகிறது. ஆவணங்களை நள்ளிரவில் படியெடுத்து வைப்பதும், பயனற்ற கோப்புகளை அகற்றுவதும், நாளறிக்கைகளைத் தொகுப்பதும் பெரும்பாலும் இத்தகைய நிரல்களின் வேலையே. ஊர் உறங்கும் வேளையில் உறங்காமல் உழைக்கும் காவற்காரனுக்கு இவற்றை ஒப்பிடலாம்.

இந்நிரல்களில் 'கட்டளைப் பதிலீடு' என்னும் முறை ஒன்று உண்டு. ஒரு கட்டளையை முதலில் நிறைவேற்றி, அது தரும் விடையை மற்றொரு கட்டளையின் நடுவே வைப்பதே அம்முறை. எடுத்துக்காட்டாக, அன்றைய தேதியைச் சொல்லும் கட்டளை ஒன்று இருக்கிறது. கோப்பின் பெயராக 'அறிக்கை' என்று எழுதி, அதனை அடுத்துத் தேதிக் கட்டளையைப் பதிலீட்டுக் குறிகளுக்குள் இட்டுவிட்டால், கணினி முதலில் தேதியைக் கேட்டறியும். பின்னர் அதனை அவ்விடத்தில் வைத்து, அந்தந்த நாளின் பெயர் தாங்கிய அறிக்கைக் கோப்பை உருவாக்கும்.

ஸ்டீபன் போர்ன் என்பார் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய ஷெல், யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு 1979-ஆம் ஆண்டு வெளிவந்தது. அதில் கட்டளைப் பதிலீட்டுக்கு உரிய குறி, 'பேக்டிக்' எனப்படும் சாய்ந்த ஒற்றைக்குறி ஆகும். கட்டளைக்கு முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாக இக்குறியை இட வேண்டும். எளிய முறைதான், ஆயினும், அதில் இரு குறைகள் இருந்தன.

முதற்குறை, கண்ணை ஏமாற்றுவது. ஆஸ்கி குறியீட்டு அட்டவணையில் சாய்ந்த ஒற்றைக்குறியின் எண் 96. வழக்கமான ஒற்றை மேற்கோள்குறியின் எண் 39. கணினிக்கு இவை முற்றிலும் வேறானவை. அச்சில் காணும் மனிதனுக்கோ ஏறத்தாழ ஒன்றேபோல் தோன்றுகின்றன. ஷெல்லில் முதற்குறி, 'இதனைச் செய்து விடை கொண்டு வா' என்று ஏவுகிறது. மற்றதோ, 'இதனைத் தொடாதே, எழுதியபடியே வைத்திரு' என்று தடுக்கிறது. பொருளால் எதிரெதிரான இரண்டு, தோற்றத்தால் இரட்டையராய் நின்றால் படிப்பவர் மயங்குவதில் வியப்பில்லை.

இரண்டாங்குறை, இதனினும் பெரிது. தொடங்கும் குறியும் முடிக்கும் குறியும் ஒன்றே. ஒரு வீட்டின் வாயிலும் கொல்லைப்புறமும் ஒன்றுபோல் இருந்தால், உள்ளே வருபவர் யார், வெளியே செல்பவர் யார் என்று அறிவது எங்ஙனம்? ஒரு பதிலீட்டுக்குள் இன்னொரு பதிலீட்டை வைக்க நேர்ந்தால், உள்ளே வரும் குறியைக் கணினி முடிவுக்குறியாகக் கொண்டுவிடும். அதனைத் தவிர்க்க, உள்ளே உள்ள குறியின் முன்னே ஒரு பின்சாய்கோடு இட வேண்டும். அதற்கும் உள்ளே மூன்றாவது அடுக்கு வந்தால் மூன்று கோடுகள். நான்காவது அடுக்கிற்கு ஏழு கோடுகள். அடுக்கு ஒன்று கூடுந்தோறும் கோடுகள் இரட்டித்து, மேலும் ஒன்று கூடுகின்றன. இரண்டு அடுக்கைக் கடந்த நிரலை வாசிப்பது, வேலிக்குள் வேலியாக அடைக்கப்பட்ட தோட்டத்தில் வழி தேடுவதற்கு ஒப்பாகும்.

இக்குறைகளைப் போக்கும் வடிவம் 1980-களில் டேவிட் கார்ன் உருவாக்கிய கார்ன் ஷெல்லில் அமைந்தது. டாலர் குறியை எழுதி, அதனையடுத்துப் பிறைவடிவ அடைப்புக்குறிகளுக்குள் கட்டளையை இடுவதே புதிய முறை: $( ) என்பது அதன் தோற்றம். திறக்கும் பிறை ஒரு பக்கம் நோக்கும். மூடும் பிறை மறுபக்கம் நோக்கும். ஆதலின் ஒன்றினுள் ஒன்றாக எத்தனை அடுக்கு வைப்பினும் கூடுதல் கோடு ஒன்றும் வேண்டுவதில்லை. 1992-ஆம் ஆண்டு வெளிவந்த போசிக்ஸ் ஷெல் தரநிலை இப்புதிய வடிவத்தை ஏற்றுக்கொண்டது. குறிப்பிடத்தக்க செய்தி யாதெனில், அத்தரநிலை பழைய குறியை விலக்கவில்லை என்பதாகும். இன்றும் இரண்டும் செல்லும். ஷெல் நிரல்களை ஆராய்ந்து குறை சொல்லும் 'ஷெல்செக்' என்னும் கருவியும் பழைய குறியைப் பிழை என்று கூறுவதில்லை. நடை பற்றிய குறிப்பாகவே அதனைச் சுட்டுகிறது.

சிக்கல் இங்குதான் பிறக்கிறது. பழையது பிழையன்று, புதியது சிறந்தது. அங்ஙனமாயின் பழையதை மாற்ற வேண்டுமா?

இருதரப்பு வாதம்

'ஓடுகின்ற தேரை நிறுத்தி அச்சை மாற்றுவானேன்?' என்று கேட்பர் ஒரு சாரார். அவர்கள் கூற்றில் நியாயம் இல்லாமற் போகவில்லை. இருபது ஆண்டுகளாக ஒரு நிரல் பிசகின்றி உழைத்திருக்கிறது என்றால், அந்த இருபது ஆண்டுகளே அதற்குச் சான்றிதழ். அதில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றமும் அச்சான்றிதழைக் கிழித்துவிட்டு, நிரலைப் புதிதாகத் தேர்வு எழுத வைப்பதாகும். பயன் கருதாது அழகு கருதி ஆபத்தை அழைப்பது அறிவுடைமையா என்று அவர்கள் வினவுகின்றனர்.

மறுசாரார் எதிர்காலத்தை நோக்கி நின்று பேசுகின்றனர். நிரலைக் கணினி மட்டும் படிப்பதில்லை, மனிதரும் படிக்கின்றனர். இன்று பயிலும் மாணவர் புதிய வடிவத்தையே கற்று வருகிறார். அவர் கையில் பழைய குறிகள் நிறைந்த நிரலைக் கொடுத்தால், முதலில் குறியைப் புரிந்துகொள்ளவே பொழுது கழியும். மேற்கோள்குறியோடு அதனை மயக்கிக்கொள்ளவும் கூடும். பின்வருவோர்மீது சுமையை ஏற்றிவிட்டுத் தாம் மட்டும் இளைப்பாறுவது தன்னலம் அன்றோ என்பது அவர்கள் கேள்வி.

இரு வாதங்களும் வலியனவே. ஆயினும், இரண்டிலும் ஒரு பொதுக்குறை உண்டு. முன்னவர் பழையதைத் தொடாதிருப்பதே பொறுப்பு என்று எண்ணுகின்றனர். பின்னவர் புதியதை ஏற்றுக்கொள்வதே பொறுப்பு என்று எண்ணுகின்றனர். பழையது என்ன சொல்கிறது என்று படித்தறிவதே முதற்பொறுப்பு என்பதை இருவருமே மறந்துவிடுகின்றனர். அம்மறதி எத்தகைய விளைவைத் தரும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம்.

ஒரு கோட்டின் விலை

ஓர் அலுவலகத்தைக் கற்பனை செய்துகொள்வோர்க்கு இது எளிதில் விளங்கும். அங்கே மக்களின் விண்ணப்பங்கள் கோப்புகளாகச் சேமிக்கப்படுகின்றன. ஒவ்வொரு கோப்பின் பெயரும் ஒரு புள்ளியும் அதனை அடுத்து ஒரு பின்னொட்டும் கொண்டு முடிகிறது. நள்ளிரவில் ஒரு ஷெல் நிரல் ஓடுகிறது. அது ஒவ்வொரு கோப்பின் பெயரிலிருந்தும் புள்ளியையும் பின்னொட்டையும் நீக்கி, எஞ்சிய பெயர் பதிவேட்டில் உள்ளதா என்று பார்க்கும். பதிவேட்டில் இருந்தால் கோப்பை விட்டுவைக்கும். இல்லையெனில் பயனற்றது என்று கருதி அழித்துவிடும். நிரலை எழுதியவர் மூத்த அலுவலர் ஒருவர். இப்பொழுது ஓய்வு பெற்றுவிட்டார்.

பின்னொட்டை நீக்கும் வேலையைச் செய்வது 'செட்' என்னும் கருவி. அக்கருவிக்குத் தனிப்புள்ளி என்பது 'எந்த எழுத்தாயினும்' என்று பொருள்படும். 'புள்ளியைப் புள்ளியாகவே கொள்க' என்று சொல்ல வேண்டுமானால், அதன் முன்னே ஒரு பின்சாய்கோடு இட வேண்டும். மூத்தவர் இப்பணியைச் சாய்ந்த ஒற்றைக்குறிகளுக்குள் எழுதியிருந்தார். அக்குறிகளுக்குள் அடுத்தடுத்து வரும் இரு பின்சாய்கோடுகளில் ஒன்று உதிர்ந்து ஒன்றே கருவியைச் சென்றடையும் என்பது விதி. அதனை அறிந்த மூத்தவர் எச்சரிக்கையோடு இரண்டு கோடுகளை எழுதினார். கருவிக்கு ஒன்று சென்று சேர்ந்தது. ஆண்டுகள் பல கடந்தும் நிரல் வழுவாது உழைத்தது.

இளையவர் ஒருவர் பணிக்கு வருகிறார். பழைய குறிகளைக் கண்டு முகஞ்சுளிக்கிறார். தேடி மாற்றும் வசதியைக் கொண்டு சாய்ந்த குறிகளையெல்லாம் நீக்கிப் புதிய பிறைக்குறிகளை இடுகிறார். உள்ளே இருப்பதை அவர் தொடவில்லை. அதனால் தீங்கொன்றும் நேராது என்று நம்புகிறார். ஆனால், புதிய வடிவத்தில் கோடு உதிர்வதில்லை. இரண்டும் இரண்டாகவே கருவியைச் சென்றடைகின்றன. இரண்டு கோடுகள் சேர்ந்தால் கருவி அதனை 'உண்மையான ஒரு பின்சாய்கோடு' என்று புரிந்துகொள்ளும். எந்தக் கோப்பின் பெயரிலும் அத்தகைய கோடு இல்லை. ஆகவே, எந்தப் பெயரிலிருந்தும் பின்னொட்டு நீங்கவில்லை. பின்னொட்டோடு கூடிய பெயர் எதுவும் பதிவேட்டில் இல்லை. பதிவேட்டில் இல்லாதவை பயனற்றவை அல்லவா? நிரல் தன் கடமையைச் செய்கிறது. காலையில் அலுவலகம் திறக்கும்போது விண்ணப்பங்கள் ஒன்றுகூட இல்லை.

கணினி ஒரு பிழைச்செய்தியும் தரவில்லை என்பதைக் கருத்தில் கொள்ளுதல் வேண்டும். இலக்கணப்படி புதிய நிரலில் குற்றமே இல்லை. எழுத்து வாழ்ந்தது, பொருள் மாண்டது. விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்த எளிய மக்களுக்குப் பழைய குறி எது, புதிய குறி எது என்று தெரியாது. தங்கள் தாள் காணாமற்போனது என்பது மட்டுமே தெரியும்.

இங்கே குற்றம் யாருடையது? புதிய வடிவத்தின்மீது பழி சொல்ல இயலாது; அது தனக்குரிய விதிப்படியே நடந்தது. பழைய நிரல்மீதும் பழியில்லை. அது தன் காலத்தில் செம்மையாகவே இருந்தது. படிக்காமல் மாற்றியதே குற்றம். உருவத்தை மட்டும் கண்டவர், உருவத்துக்குள் உறைந்திருந்த எச்சரிக்கையைக் காணவில்லை. முன்னோர் இட்ட ஒரு கோடு வீண்கோடாகத் தோன்றினால், அதனை அழிப்பதற்கு முன் அது ஏன் இடப்பட்டது என்று கேட்பதே அறிவுக்கு அழகு.

பழமை அறியாமையன்று

இன்னுமொரு தவறு உண்டு. அது நிரலைக் கெடுப்பதில்லை, மனத்தைக் கெடுக்கிறது. பழைய குறியைக் கண்டவுடன், 'இதனை எழுதியவர் புதியதை அறியாதவர்' என்று முடிவுகட்டுவதே அத்தவறு.

உண்மை பலவேளைகளில் அதற்கு மாறாக இருந்தது. சொலாரிஸ் 10 இயங்குதளம் 2005-ஆம் ஆண்டு வெளிவந்தது. அதில் இயல்பாக அமைந்திருந்த ஷெல், போர்ன் ஷெல்லின் வழிவந்ததே; புதிய வடிவம் அதற்குப் புரியாது. 2011-ஆம் ஆண்டு வெளிவந்த சொலாரிஸ் 11-இல்தான் அந்நிலை மாறியது. 1992-இலேயே தரநிலை வந்துவிட்டபோதிலும், பல கணினிகளில் ஓட வேண்டிய நிரலை எழுதுவோர் பழைய கணினிகளை மறந்துவிட இயலவில்லை. 'ஆட்டோகான்ஃப்' என்னும் கருவி உருவாக்கிய நிரல்கள் நெடுங்காலம் பழைய குறியையே தாங்கிவந்தமைக்கும் காரணம் இதுவே. எல்லாக் கணினிக்கும் புரிய வேண்டும் என்னும் கருத்தினால், அறிந்தே பழையதை எழுதியோர் அவர்கள்.

வீட்டுக்கு வந்த முதியவருக்குப் புரியும் சொல்லைத் தேர்ந்து பேசுபவரை, 'புதுச்சொல் அறியாதவர்' என்று எவரும் இகழ்வதில்லை. அது பணிவு, அது விருந்தோம்பல். பழைய நிரல்கள் பலவற்றில் இருப்பது இத்தகைய விருந்தோம்பலே. அதனை அறியாமை என்று பழிப்பது, செய்ந்நன்றியை மறப்பதற்கு ஒப்பாகும்.

புதியதும் குறையற்றதன்று என்பதையும் இங்கே நினைவுகொள்ளுதல் தகும். டாலர் குறியை அடுத்து இரண்டு பிறைகள் சேர்ந்து வந்தால், அது கணக்குப் போடும் வடிவமாகிவிடும். ஆகவே, பதிலீட்டுக்குள் மற்றொரு பிறையோடு தொடங்கும் கட்டளையை எழுதுவோர் இடையில் ஓர் இடைவெளி விட வேண்டும். சிறு விதிதான், ஆயினும் விதியே. ஒரு வடிவத்தின் இடர்களிலிருந்து தப்பியவர், இனித் தமக்கு இடரே இல்லை என்று இறுமாந்திருத்தல் ஆகாது.

திருத்துவோர்க்குரிய நெறி

அங்ஙனமாயின் திருத்தவே கூடாதா? அப்படியன்று. பவணந்தி முனிவர் தம் நன்னூலின் நிறைவில், காலத்தால் பழைய வழக்குகள் நீங்குவதையும் புதியவை வருவதையும் குற்றமன்று என ஏற்றுக்கொண்டதைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். அவர் தந்தது இசைவு, ஆணையன்று. மாறுவது குற்றமில்லை என்றாரேயன்றி, எல்லாவற்றையும் மாற்றியே தீர வேண்டும் என்று பணிக்கவில்லை. இசைவுக்கும் ஆணைக்கும் இடையே உள்ள அந்த வெளியிலேதான் மனிதனின் பொறுப்பு குடியிருக்கிறது.

பழைய நிரலைத் திருத்த முற்படுவோர் மூவர்க்குக் கடன்பட்டவர் ஆவர். எழுதிச் சென்றவர் ஒருவர். அந்நிரலை நம்பி வாழ்பவர் ஒருவர். நாளை அதனைப் படிக்கப்போகிறவர் ஒருவர். எழுதிச் சென்றவர்க்குச் செலுத்தும் கடன், அவர் எழுதியதன் காரணத்தை அறிதல். நம்பி வாழ்பவர்க்குச் செலுத்தும் கடன், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் நிரல் ஒரே விடையைத் தருகிறதா என்று சோதித்தல். படிக்கப்போகிறவர்க்குச் செலுத்தும் கடன், தெளிவான வடிவத்தில் எழுதிவைத்தல். மூன்றாங்கடனை மட்டும் செலுத்திவிட்டு முதலிரண்டையும் விட்டவரே மேலே கண்ட இளையவர். மூன்றாவதை முற்றும் மறந்தவரே எதையும் தொடாதே என்று சொல்பவர்.

மேற்கண்ட எடுத்துக்காட்டில் இரண்டாங்கடனைச் செலுத்துவது அரிய செயலன்று. கோப்புகளின் பெயர்களை மட்டும் படியெடுத்து, அழிக்கும் கட்டளைக்கு மாற்றாக, 'அழிக்கப்படுபவை இவை' என்று பட்டியலிடும் கட்டளையை வைத்துப் பழைய நிரலையும் புதிய நிரலையும் ஓட்டிப் பார்த்திருக்கலாம். இரு பட்டியல்களும் வேறுபட்டிருக்கும். ஒரு கால்மணி நேரப் பொறுமை, பல்லாயிரம் தாள்களைக் காத்திருக்கும்.

இந்நெறியைப் பின்பற்றுவது நடைமுறையில் இயலுமா என்று ஐயுறுவோர்க்கு ஒரு சான்று உண்டு. உலகெங்கும் நிரலாளர் பயன்படுத்தும் 'கிட்' என்னும் மென்பொருளின் எழுத்துநெறி, புதிய வடிவத்தையே விரும்பிக் கூறுகிறது. ஒன்றினுள் ஒன்றாக அது செம்மையுற அடங்கும் என்பதே அதற்குக் காட்டப்படும் காரணம். அம்மென்பொருளின் நிரல்களில் எஞ்சியிருந்த பழைய குறிகளை மாற்றும் பணி 2014-ஆம் ஆண்டு முன்வைக்கப்பட்டபோது, எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டப்படவில்லை. கோப்புக்கு ஒன்றாகச் சிறுசிறு திருத்தங்களாக அவை வந்தன. சிறிய திருத்தத்தைப் பிறர் படித்துப் பார்க்க இயலும். பிழை தோன்றினால் அந்த ஒன்றை மட்டும் திரும்பப் பெறவும் இயலும். விரைவைக் குறைத்து நம்பிக்கையைக் கூட்டும் வழி இது.

வடிவத்தை மாற்றும்போது பொருளை மாற்றாதிருத்தலும், பொருளை மாற்றும்போது வடிவத்தை மாற்றாதிருத்தலும் நன்று. இரண்டையும் ஒருங்கே செய்தால், தவறு நேரும்போது அதன் வேர் எங்கே என்று காண முடியாது. மாணவரின் கட்டுரையைத் திருத்தும் ஆசிரியர் எழுத்துப்பிழையைத் திருத்துவதோடு அமையாமல், மாணவரின் கருத்தையும் தம் விருப்பம்போல் மாற்றி எழுதிவிட்டால் அது திருத்தமாகுமா? அம்மாணவர் எழுதியது மறைந்து, ஆசிரியர் எழுதியதே எஞ்சும்.

பழுதற்றதைத் திருத்துதல் அறமா என்பதே தொடக்கத்தில் எழுந்த வினா. பழுதற்றதாயினும் பின்வருவோர்க்குத் தடையாக நிற்பதைத் தெளிவாக்குவது அறமே. ஆனால், அவ்வுரிமை பழையதைப் புரிந்துகொண்டவர்க்கு மட்டுமே உரியது. புரியாததை மாற்றுபவர் புதுமை செய்பவராகார். தம் அறியாமையைப் பிறர் செலவில் சோதித்துப் பார்ப்பவரே ஆவார். புரிந்துகொண்டபின் மாற்றாது விடுபவரோ, காரணம் உண்டாயின் காவலர். காரணம் இல்லையாயின் சோம்பர்.

நள்ளிரவில் ஓடும் நிரலுக்குத் தான் பழையதா புதியதா என்பது தெரியாது. இன்று புதியதெனப் போற்றப்படும் பிறைக்குறியும் ஒருநாள் பழையதாகும். அன்று அதனைத் திருத்த ஓர் இளையவர் வருவார். அவர் தேடி மாற்றும் வசதியோடு மட்டும் வராமல், படித்தறியும் பொறுமையோடும் வர வேண்டுமானால், அப்பொறுமையை இன்று திருத்துவோர் தம் செயலால் கற்பித்துச் செல்ல வேண்டும்.